ஏசியில் பனி கட்டிய வீடும் பதினொன்றாவது கட்டமும்

கிருஷ்ணகிரியில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கும் ரஹீம் போன மாதம் எனக்கு நான்கு முறை போன் செய்தார். பதினேழு வருடம் என்னோடு ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவர்களுடைய மெக்கானிக்குகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். வீட்டு ஏசியில் பனி கட்டுவது ஏன், கட்டினால் என்ன செய்வது என்று நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

“இப்ப நம்ம ஆளுங்க போனைத் தொறந்து ஆப்ல பாக்கறாங்க சார். அது ‘கேஸ் செக் பண்ணு’ன்னு சொல்லுது. இவங்களும் கேஸ் அடிச்சுட்டு வந்துடறாங்க. நாலு நாள்ல மறுபடி ஐஸ். நீங்க எழுதுங்க. ஆனா ரெண்டே பக்கம். படிக்கட்டு எண்ணுனதெல்லாம் அதுல வேணாம்.”

படிக்கட்டு எண்ணியதை விட்டுவிட்டு எழுத எனக்கு வராது. ரஹீமுக்கே அது தெரியும். எனக்கு ‘கணக்கு சார்’ என்று பெயர் வைத்தவர் அவர்தான்.

முதலில் கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இந்தப் பத்திகளோடு எழுந்து போகலாம்.

ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை. அறையில் இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொண்டுபோய்க் கொட்டுகிறது. உள்ளே இருக்கும் பெட்டியில் காயில் என்று ஒரு குழாய் அடுக்கு உண்டு. அதன் வழியே கேஸ் குளிர்ந்து ஓடும். அறைக் காற்று அந்தக் காயிலின் மேல் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பட்டால் காற்றிலுள்ள சூடு காயிலுக்குப் போகும், காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகச் சொட்டும். காற்று சரியாகப் படவில்லை, அல்லது கேஸ் குறைந்துவிட்டது என்றால் காயில் தேவைக்கு மேல் குளிர்ந்து, தன் மேல் இருக்கும் ஈரத்தையே உறைய வைக்கும். பனி படிந்தால் காற்று இன்னும் குறையும். காற்று குறைந்தால் இன்னும் பனி. வாடிக்கையாளர்கள் ஒருவித பெருமையோடுதான் புகார் சொல்வார்கள்: “ஐஸே வருது சார், ஆனா ரூம்தான் கூல் ஆக மாட்டேங்குது.”

என் நோட்டில் இதற்குப் பதினான்கு காரணங்கள் இருக்கின்றன. நடப்பில் நான்கு போதும். ஃபில்டரில் தூசி, ப்ளோயர் சக்கரத்தில் அழுக்கு, கேஸ் கசிவு, காயில் மிகவும் குளிர்ந்துவிட்டது என்று எச்சரிக்க வேண்டிய சென்சார் தூங்குவது. எது என்று தெரிய, பனி எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். கேஸ் நுழையும் முனையில் மட்டும் வெள்ளை பிடித்து, வெளி யூனிட்டின் மெல்லிய குழாயிலும் பனி இருந்தால் கேஸ் குறைவு. காயில் முழுக்க ஒரே சீராக வெளுத்து, தடித்த குழாய் வரை பனி வந்திருந்தால் காற்றுக் குறைவு. இதைப் பார்க்க உபகரணம் எதுவும் வேண்டாம். கண் வேண்டும், பனி உருகுவதற்கு முன் அங்கே இருக்கவும் வேண்டும். இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டியது: குளிர்ச்சியை நிறுத்திவிட்டு ஃபேன் மட்டும் இரண்டு மூன்று மணி நேரம் ஓடட்டும். கீழே ஒரு பேசின் வையுங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். அப்புறமும் பனி வந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். பனியைச் சுரண்டாதீர்கள். வெந்நீர் ஊற்றாதீர்கள்.

சுரண்டாதீர்கள் என்று சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது. ஐடிஐ முடித்து, ஒரு ரிப்பேர் கடையில் இரண்டு வருடம் ஃப்ரிட்ஜ்களோடு மல்லுக்கட்டி, பிறகு ஓசூரில் இந்த நிறுவனத்தில் சேர்ந்த புதிது. அன்றைக்கு ஓசூரில் வீட்டுக்கு ஏசி வாங்குகிறவரை ஊரே ஒரு மாதிரிப் பார்க்கும். முதல் வருடம் நான் பொருத்திய வீட்டு ஏசிகள் மூன்று. அந்த மூன்றில் ஒன்று வேப்பனப்பள்ளி மாம்பழ வியாபாரி ஒருவருடையது. பனி கட்டிவிட்டது என்று ஆள் அனுப்பினார். போனேன். பனி உருகக் காத்திருப்பது கையாலாகாத வேலை என்று எனக்குத் தோன்றியது. ஸ்குரூடிரைவரை எடுத்து அழகாகச் செதுக்கினேன். ஏழாவது குத்தில் காயில் சீறியது. மொத்த கேஸும் அவருடைய கூடத்தில் இறங்கியது. அவர் மாம்பழத்தை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டிருந்தவர், கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “இது சர்வீஸா தம்பி, இல்ல பழி தீக்கறயா?” அதற்குப் பிறகு நான் பனியைத் தொட்டதில்லை. வாய்ப்பு வந்த நூற்றுக்கணக்கான இடங்களிலும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பொறுமைசாலி என்று பெயர் வந்தது. பயம் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

ஓசூருக்கென்றே ஒரு தவறு உண்டு. சமவெளியிலிருந்து மாற்றலாகி வரும் மெக்கானிக்குகள் எல்லாரும் அதை ஒரு முறையாவது செய்வார்கள். குளிர்ந்த காலையில் வெளி யூனிட்டில் அழுத்தம் பார்க்கும் கேஜ் மாட்டினால் முள் தாழ்ந்தே நிற்கும். சேலத்து மே மாதத்துக்கு மனப்பாடம் செய்த எண் இங்கே மார்கழிக் காலையில் வராது. கேஸ் குறைவு என்று நினைத்து மேலே மேலே ஏற்றுவார்கள். அவர்கள் ஏற்றியதை இறக்குவதற்கென்றே நான் தனியாக ஒரு பக்கம் ஒதுக்கி எண்ணிக்கை வைத்திருந்தேன். இறக்குவேன், வேக்யூம் போடுவேன், தராசில் சிலிண்டரை வைத்து, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எடைக்குக் கிராம் பிசகாமல் ஏற்றுவேன். அது எனக்குப் பிடித்த வேலை. மற்றவர் தவறைத் திருத்துவதில் ஒரு குளுமை இருக்கிறது.

ஏசி பொருத்தி முடித்ததும் நிரப்பும் படிவத்தில் பதினேழு கட்டங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று டிக் போட வேண்டும். ஒரு ‘இல்லை’ இருந்தாலும் அந்த வீடு நிலுவைப் பட்டியலில் ஏறிவிடும், மறுநாள் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். என் பெயருக்கு எதிரே நிலுவை எப்போதும் பூஜ்யம்தான். எண் பூஜ்யமாக இல்லாவிட்டால் அன்று எனக்குச் சோறு இறங்காது.

என் கடைசி ஒன்பது வருடங்களுக்கு மேலாளர் மஞ்சுநாத். அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். அவர் என்னைச் சார் என்பார், நான் அவரைச் சார் என்பேன், பார்க்கிறவர்களுக்கு யார் மேலாளர் என்று சட்டென்று விளங்காது. திட்ட மாட்டார், குரல் உயர்த்த மாட்டார். மெக்கானிக் வேலை முடித்து வந்து விவரம் சொன்னால், கைகளை மேசைமேல் கோத்துக்கொண்டு முழுதும் கேட்பார். சொல்லி முடித்ததும், “ஆமேலே?” என்பார். கன்னடத்தில் ‘அப்புறம்?’ அவ்வளவுதான். சொன்னவனுக்கு ஒன்றும் மிச்சமிருக்காது, ஆனால் அவர் காத்திருப்பார். மூன்றாவது ‘ஆமேலே’யில் பெரும்பாலானவர்கள் உண்மைக்கு வந்துவிடுவார்கள். என்னிடம் அவர் ஒரு முறைக்கு மேல் கேட்டதில்லை. அதையும் நான் எண்ணி வைத்திருந்தேன்.

நான் சொல்ல வந்த வீடு ஓசூரில் ராயக்கோட்டை சாலையை ஒட்டிய ஒரு தெருவில், முதல் மாடியில் இருந்தது. பத்தொன்பது படிகள். நான் ஓய்வு பெற மூன்று மாதம் இருந்தது. வீட்டுக்காரர் இசக்கிமுத்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். குவாலிட்டி பிரிவில் இன்ஸ்பெக்டராக இருந்தார். பேரிகையிலிருந்து பைக்கில் திரும்பும்போது பள்ளத்தில் விழுந்து கழுத்தில் தண்டுவடம் நசுங்கியது. கழுத்துக்குக் கீழே அசைவு இல்லை. அவருக்கு வேறொரு சங்கடமும் இருந்தது. இந்த மாதிரி அடிபட்டவர்களுக்கு உடம்பு வியர்ப்பதில்லை. அறை சூடானால் அவரும் சூடாவார், இறக்கிக்கொள்ள வழி கிடையாது. டாக்டர் எழுதிக் கொடுத்த சாமான்களில் ஏசியும் ஒன்று. மற்ற வீடுகளில் ஏசி நின்றால் புழுங்கும். அந்த வீட்டில் ஏசி நின்றால் காய்ச்சல் வரும்.

அங்கே ஏசி பொருத்தியது எங்கள் ஆட்கள். மேற்பார்வையும் கையெழுத்தும் நான்.

எட்டு மாதம் நன்றாக ஓடியது. மாசி முதல் பனி. முதலில் போனது சமவெளியிலிருந்து வந்த ஒரு மெக்கானிக். காலையில் போயிருக்கிறார், கேஜ் தாழ்ந்திருக்கிறது, கேஸ் ஏற்றிவிட்டு வந்துவிட்டார். நான்கு நாளில் மறுபடி புகார். நான் ரஹீமோடு போனேன். எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு: வாடிக்கையாளர் வீட்டுக்குப் போவதற்கு அரை மணி நேரம் முன்னால் போன் செய்து, ஏசியை அணைத்து வைக்கச் சொல்ல வேண்டும். மரியாதையும் ஆயிற்று, பனியும் உருகும், நேரமும் மிச்சம். செய்தேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி முத்துலட்சுமி. வீடு அப்போதுதான் துடைத்து ஈரம் மின்னியது. காபி தயாராக இருந்தது. அறையில் சாமான்கள் ஒழுங்காக, கட்டில் விரிப்பு புதிதாக. ஏசிக்கு நேர் கீழே கட்டில், அதில் இசக்கிமுத்து கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். வணக்கம் சொன்னேன். அப்புறம் பெட்டியைத் திறந்தேன்.

கூடுதலாக ஏற்றிய கேஸை இறக்கி, எடை போட்டு ஏற்றினேன். நாற்பது நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தேன். பிழையில்லாமல் ஓடியது. ரஹீம் என் காதருகே, “இன்னொரு ஆள் தப்பைக் கண்டுபிடிச்ச நாள்ல உங்களுக்கு மூஞ்சி பத்து வயசு கொறைஞ்சுடுது சார்” என்றார்.

ஆறு நாளில் புகார். இரண்டாம் முறை போன் செய்தேன், போனேன். ஈரத் தரை, காபி, புது விரிப்பு.

“எப்படிம்மா பனி கட்டுது? ஒரு பக்கமா, முழுசுமா?”

“முழுசும் சார். பஞ்சு மெத்தை கணக்கா வெள்ளையா இருக்கு. கூப்பிட்டதும் நீங்க சொன்ன மாதிரி ஆஃப் பண்ணிட்டேன். ரெண்டு பேசின் தண்ணி எடுத்து ஊத்துனேன்.”

முழுதும் என்றால் காற்றுக் குறைவு. ஃபில்டர் சுத்தமாகவே இருந்தது. ப்ளோயர் சக்கரத்தைக் கழற்றி, பல் துலக்கும் பிரஷால் ஒவ்வொரு இதழாகத் தேய்த்தேன். காயிலைக் கழுவினேன். ஓடவிட்டால் காற்று சட்டையைத் தூக்கியது. மறுபடி வெற்றி.

ஐந்து நாளில் புகார். மூன்றாம் முறை சென்சாரை மாற்றினேன். பழையது கொஞ்சம் மந்தமாக இருந்ததாக எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் வெற்றி. நான் பெட்டியை மூடும்போது இசக்கிமுத்து முதல் முறையாகப் பேசினார்.

“சார், நாங்க லைன்ல ஒரு பீஸ் தப்பா வந்துச்சுன்னா, அந்த மெஷின்ல நிக்கவன்கிட்டதான் முதல்ல கேப்போம்.”

“ஆமாங்க, ஆமாங்க,” என்று சொல்லிவிட்டு ஸ்குரூக்களை எண்ணினேன். ஐந்தும் இருந்தன. அவர் சொன்னது என்ன என்று நான் யோசிக்கவில்லை. நாள் முழுக்க அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே மனிதர் அவர். மூன்று முறை போயும் அவரிடம் நான் வணக்கம் தவிர ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஒன்பது நாள் சத்தமில்லை. பத்தாம் நாள் பங்குனி வெயிலில், மத்தியானம் பனி பிடித்து ஏசி வெறும் காற்றை ஊதியிருக்கிறது. சாயங்காலம் அவருக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். முத்துலட்சுமி அலுவலகத்துக்கே வந்துவிட்டார். சத்தம் போடவில்லை. மஞ்சுநாத் முன்னால் நின்று, “வேற கம்பெனி மெஷினு வாங்கட்டுமா சார்? சும்மா சொல்லுங்க. இன்னொரு தடவ அவுகளத் தூக்கிட்டுப் படி எறங்க எனக்குத் தெம்பு இல்ல” என்றார். பத்தொன்பது படிகள். நான் எண்ணியிருந்தேன். அவர் சுமந்திருந்தார்.

அவர் போனபின் மஞ்சுநாத் என் பக்கம் திரும்பினார். நான் கேஸ், ப்ளோயர், சென்சார் என்று மூன்று வெற்றிகளையும் வரிசையாகச் சொன்னேன்.

“ஆமேலே?”

“அவ்வளவுதான் சார்.”

“ஆமேலே?”

இரண்டாவது. ஒன்பது வருடத்தில் முதல் முறை. எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் அதே தெருவில், நான்கு வீடு தள்ளி வேறொரு வேலை. முடித்ததும் மணி பதினொன்று. அவர்கள் வீடு கண்ணெதிரே. போன் செய்யப் பையில் கைவிட்டேன். நான்கு வீட்டுக்கு அரை மணி நேரமா என்று தோன்றியது. ஏறிவிட்டேன். முப்பத்தாறு வருடத்தில் அந்த விதியை நான் மீறியது அன்றுதான். துணிச்சல் ஒன்றுமில்லை, வெயிலில் நிற்க முடியவில்லை.

கதவைத் திறந்த முத்துலட்சுமி என்னைப் பார்த்ததும் முகம் மாறினார். “ஐயோ! என்ன சார், போன் பண்ணாம வந்துட்டீய? வீடு கெடக்க கெடப்பு…” சொல்லிக்கொண்டே உள்ளே ஓடினார். பின்னாலேயே நானும் போனேன். கட்டில்மேல் ஏறி, ஏசியின் தலையிலிருந்து எதையோ இழுத்துக்கொண்டிருந்தார்.

நீலக் கட்டம் போட்ட பழைய லுங்கி. நான்காக மடித்து, பெட்டியின் மேல்பக்கம் முழுவதும் விரித்து, சுவரோரம் நன்றாகச் செருகி வைத்திருந்தது.

சுவரில் மாட்டும் ஏசி காற்றை மேல்பக்கத்திலிருந்துதான் இழுக்கும். அதன் மூக்கு அங்கேதான் இருக்கிறது. இந்த வீட்டில் அதன் மூக்கைப் பொத்தி ஓடவிட்டிருக்கிறார்கள். காயிலின் மேல் பாதி வெளுத்திருந்தது. சென்சார் இருப்பது கீழ் மூலையில், மேலே பனி பிடிக்கும் சேதி அதற்குப் போய்ச் சேரவே நேரமாகும். நான் போன் செய்த ஒவ்வொரு முறையும், அந்த அரை மணி நேரத்தில், இவர் வீட்டைத் துடைத்து, விரிப்பை மாற்றி, காபி போட்டு, கம்பெனி ஆட்கள் வரும்போது இது அசிங்கமாக இருக்கிறதே என்று லுங்கியையும் எடுத்து மடித்து பீரோவில் வைத்திருக்கிறார். நாங்கள் கிளம்பியதும் மறுபடி போட்டிருக்கிறார். நோய் எங்களை வாசலில் வந்து வரவேற்றுக் காபி கொடுத்திருக்கிறது.

எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதி வந்தது. கேஸ் சரி, ப்ளோயர் சரி, சென்சார் சரி, நான் சரி. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து புகார்ப் படிவத்தை எடுத்தேன். காரணம் என்ற இடத்தில் ‘வாடிக்கையாளர் காற்று வழியைத் துணியால் மூடியுள்ளார்’ என்று எழுதினேன். முத்துலட்சுமி என்ன ஏது என்று கேட்காமல் கையெழுத்துப் போட்டார். “நாந்தான் அவுகளுக்குக் காய்ச்சல் வர வச்சேனா சார்?” என்றார்.

ஆம் என்று சொல்ல வாயெடுத்தேன். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“அவளை எழுத வைக்காதீங்க சார். துணி போடச் சொன்னது நான்.”

“ஏன்?”

அவர் கண்ணால் ஏசியைக் காட்டினார்.

“பல்லி சார். அந்த மெஷின் பின்னால இருந்து வரும். ஒரு நாள் இவ கடைக்குப் போயிருக்கா. மேல இருந்து என் மூஞ்சில விழுந்துச்சு. கன்னத்துல ஏறி, மூக்குக்குப் பக்கத்துல வந்து உக்காந்துச்சு. நான் ஊதுதேன், போக மாட்டேங்கு. தட்டிவிட எனக்குக் கை இல்லல்லா. இவ வார வரைக்கும் அது அங்கயே இருந்துச்சு சார், முக்கா மணி நேரம்.” நிறுத்தினார். “பல்லிக்குப் பயந்து துணி போட்டிருக்கோம்னு கம்பெனி ஆளுககிட்ட எப்படிச் சொல்ல? நானும் ஒரு இன்ஸ்பெக்டர்லா.”

“கட்டிலைத் தள்ளிப் போட்டா?”

“வீல் சேர் திரும்பாது சார். அளந்து பாத்தாச்சு.”

பல்லி ஏசியின் பின்னாலிருந்து வருகிறது என்றார். அறையில் ஜன்னல் மூடியே இருக்கும். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை. அப்படியானால் எங்கிருந்து? ஸ்டூலில் ஏறி, டார்ச்சை அணைத்துவிட்டு, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். அதே ஸ்டூலில் மூன்று முறை ஏறியிருக்கிறேன், மூன்று முறையும் பெட்டியைத்தான் பார்த்தேன். இப்போது சுவரைப் பார்த்தேன். பின்னால், குழாய்கள் வெளியே போகும் இடத்தில், பகல் தெரிந்தது. ஓர் எலுமிச்சம்பழம் நுழையும் அளவுக்குப் பகல்.

ஏசி பொருத்தும்போது குழாய்க்காகச் சுவரில் துளை போடுவோம். குழாய் போன பிறகு சுற்றிலும் இருக்கும் இடைவெளியைக் களிமண் போன்ற புட்டியை வைத்து அடைக்க வேண்டும். பொருத்தும் படிவத்தில் பதினொன்றாவது கட்டம்: ‘குழாய்த் துளை அடைக்கப்பட்டதா?’

எனக்கு அந்த நாள் வரிசையாக ஞாபகம் வந்தது. ஒரே நாளில் மூன்று வீடுகள். மூன்றாவது இது. புட்டி இரண்டாவது வீட்டிலேயே தீர்ந்துவிட்டது. நாளைக் காலையில் வந்து ஓர் உருண்டை வைத்தால் போகிறது என்று நினைத்தேன். பதினொன்றாவது கட்டத்தில் ‘இல்லை’ போட்டால் மறுநாள் கூட்டத்தில் என் பெயருக்கு எதிரே நிலுவை ஒன்று என்று வாசிப்பார்கள். ஓர் உருண்டைப் புட்டிக்காகவா? ‘ஆம்’ போட்டேன். மறுநாள் வேறு நான்கு வீடுகள். நிலுவையில் இல்லாத வேலையை யார் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்? எல்லாவற்றையும் எண்ணுகிற நான் எண்ணாமல் விட்டதுதான் எட்டு மாதம் கழித்து அவர் மூக்கருகில் வந்து உட்கார்ந்தது.

படிவப் புத்தகத்தில் ஐம்பது தாள்கள், ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு, ஒன்று குறைந்தாலும் கணக்குச் சொல்ல வேண்டும். என் புத்தகங்களில் ஒரு தாளும் பாழானதில்லை. முத்துலட்சுமி கையெழுத்துப் போட்ட தாளின் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதினேன். அடுத்த தாளில், பொருத்தும்போது குழாய்த் துளை அடைக்கப்படவில்லை என்றும், மேற்பார்வை என்ற இடத்தில் என் பெயரையும் எழுதினேன். இதற்குக் கையெழுத்து வேண்டாம் என்றேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே போய்க் காபி கலந்தார். முன்னறிவிப்பு இல்லாததால் அன்றைக்குச் சர்க்கரை அதிகம்.

கடைக்குப் போய்ப் புட்டி வாங்கி வந்தேன். உள்ளிருந்து ஓர் உருண்டை, வெளியிலிருந்து ஓர் உருண்டை, அதன்மேல் மூடி. பன்னிரண்டு நிமிட வேலை. பதினைந்து நாளைக்குத் தினம் எனக்குப் போன் செய்து சொல்லச் சொன்னேன். பதினைந்து நாளும் முத்துலட்சுமி சொன்னது ஒரே வாக்கியம்: “ஐஸும் இல்ல சார், பல்லியும் இல்ல.”

மஞ்சுநாத்திடம் போய் நின்றேன். லுங்கியைச் சொன்னேன். “ஆமேலே?” பல்லியைச் சொன்னேன். “ஆமேலே?” ஓட்டையைச் சொன்னேன். “ஆமேலே?”

“அடைச்சதா டிக் போட்டது நான் சார்.”

கோத்திருந்த கைகளைப் பிரித்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. “உங்க ரிடையர்மென்ட் ஷீல்டு ஆர்டர் ஆயித்து சார்,” என்றார் மெதுவாக. “முப்பத்தாறு வருஷம், இன்ஸ்டலேஷன் கம்ப்ளைன்ட் ஜீரோன்னு எழுதக் குடுத்துட்டேன். அட்வான்ஸா பிளான் பண்றது தப்புன்னு இப்பத்தான் தெரியுது.”

விடைபெறும் விழாவில் அந்த ஷீல்டையே கொடுத்தார்கள். மரப்பலகையில் பித்தளைத் தகடு, அதில் என் பெயர், கீழே ‘பொருத்தல் புகார்கள்: 0’. கைதட்டினார்கள். ரஹீம் மட்டும் தட்டாமல் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். வீட்டில் அதை மூன்று நாள் கூடத்தில் வைத்தேன், இரண்டு நாள் அலமாரிக்குள் வைத்தேன். தூக்கம் வரவில்லை. ஆறாம் நாள் காலை ஆணியை எடுத்து, பூஜ்யத்தின் குறுக்கே ஒரு கோடு கீறி, பக்கத்தில் ஒன்று என்று செதுக்கினேன். ஸ்குரூடிரைவரைத் தொடவில்லை. வேப்பனப்பள்ளி ஞாபகம் இருந்தது.

அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ராயக்கோட்டை சாலைக்குப் போனேன். போன் செய்யவில்லை. கதவைத் திறந்த முத்துலட்சுமி, “இன்னைக்கும் சொல்லாமதான் வந்தீயளா? திருந்தவே மாட்டீய போலிருக்கே,” என்று சிரித்தார். அறைக்குள் போனதும் முதலில் மேலே பார்த்தேன். ஏசியின் தலையில் ஒன்றுமில்லை. நீலக் கட்ட லுங்கி இசக்கிமுத்துவின் இடுப்பில் இருந்தது.

தகட்டை அவர் முகத்துக்கு நேரே, ஒரு சாண் தூரத்தில் பிடித்தேன். அவர் முழுதும் வாசித்தார். கீறலுக்கு வந்ததும் நின்றார். கண்கள் இடமிருந்து வலமாக இரண்டு முறை போய் வந்தன, லைனில் நின்று பார்த்த பழக்கம்.

“தப்பைத் திருத்தி ரிவொர்க் பண்ணின பீஸு,” என்றார். “கோடு கொஞ்சம் கோணல். ஆனா அளவு கரெக்ட்டா இருக்கு சார்.” மனைவி பக்கம் கண்ணைத் திருப்பினார். “ஏட்டி, பேனா எடு. பின்பக்கம் என் பேரைப் போட்டு, இன்ஸ்பெக்ஷன் பாஸ்னு எழுது.”